வெள்ளம் வந்த பள்ளிக்கூடம்: குலசேகரத்துக்கு ஒரு விசாரணைப் பயணம்

மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போனது சூரிய உதயம் பார்க்க அல்ல. பொய் சொன்னது யார் என்று கண்டுபிடித்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மூன்று நாள், இரண்டு பேருந்து, ஒரு ஜீப்பு. உங்கள் பள்ளியும் கடல்கடந்த ஓர் ஊர்ப் பள்ளிக்கு உதவிக்கொண்டிருந்து, ஒருமுறை போய்ப் பார்த்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், இந்தப் பதிவு பயன்படும். என்னைப் போல அசடு வழியாமல் திரும்பி வரவும் பயன்படும்.

மலேசியாவில், கெடா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி, குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னப் பள்ளியோடு கைகோத்தது. அங்கே மலைமேல் குடியிருப்புகளிலிருந்து பதினேழு பிள்ளைகள் ஆறு கிலோமீட்டர் இறங்கி வர வேண்டும். பேருந்து கிடையாது. வழியில் யானை வரும். அதனால் காலையும் மாலையும் ஒரு ஜீப்பு ஓடுகிறது. அதன் செலவு எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடையது. இது போக, இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொள்வார்கள். கடிதங்களைத் திருத்துவது என் வேலை. அங்கிருந்து வரும் கடிதங்களையும் சேர்த்துத் திருத்துவேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் சிவப்புப் பேனா கையில் இருந்தால் எனக்குச் சும்மா இருக்க வராது.

போன வருடக் கடைசியில் அங்கே ஏழாம் வகுப்புப் படிக்கும் அபிஷா, எங்கள் கவிதாவுக்கு இப்படி எழுதியிருந்தாள்: ‘நேற்று எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளம் வந்தது. சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. எல்லாரும் ஓடினோம். சின்னப் பிள்ளைகள் எல்லாம் நனைந்துபோனார்கள். பெரிய டீச்சரும் நனைந்தார்கள். இனி எங்களுக்கு நித்தமும் வெள்ளம்தான். மிகவும் சந்தோஷமாக இருக்கிறது.’

வகுப்பில் இதை நான் உரக்க வாசித்தேன். எங்கள் நாட்டில் வருடக் கடைசி என்றாலே எந்த மாநிலத்தில் வெள்ளம், எத்தனை குடும்பம் நிவாரண மையத்தில் என்பதுதான் செய்தி. கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன். “பாருங்கள், பள்ளியைச் சுற்றி வெள்ளம் நிற்கும்போதும் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதுகிறாள். இதுதான் மனத்திடம்” என்று பாடமே நடத்தினேன். கவிதா அழுதாள். அடுத்த வாரமே சங்கத்தில் பேசி, அந்தப் பள்ளியின் எழுபது பிள்ளைகளுக்கும் மஞ்சள் ரப்பர் பூட்சும் மழைக்கோட்டும் வாங்கி அனுப்பினோம். ரப்பர் விளையும் ஊருக்கே ரப்பர் அனுப்புகிறோம் என்பதுகூட அன்று உறைக்கவில்லை.

சிக்கல் சங்கத் தலைவர் சந்திரனால் வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பார். அந்த வாரம் குலசேகரம் பக்கம் வெள்ளம் என்று எந்தச் செய்தியும் இல்லை. அங்கிருந்து வந்த படங்களில் பள்ளி மைதானம் காய்ந்து புழுதி பறந்தது. உடனே அந்தத் தலைமையாசிரியைக்கு ஃபோன் போட்டு, “உங்க பள்ளியில வெள்ளம் வந்துச்சா?” என்று நேராகக் கேட்டார். “ஆமா சார், வந்தாச்சு! இப்பவும் நல்லா வருது. உங்க பிரார்த்தனையில ஒரு குறையும் இல்ல” என்று பதில் வந்ததாம். “என்ன டீச்சர் இது, பட்டப்பகல்ல பொய் சொல்றாங்க, அதையும் சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க” என்று என்னிடம் குதித்தார். கடிதங்களை நிறுத்திவைக்கச் சொன்னார். ஜூன் மாதத்துக்குப் பிறகு ஜீப்பு ஓட வேண்டுமா வேண்டாமா என்பதை, யாராவது நேரில் போய்ப் பார்த்து வந்து சொன்ன பிறகு முடிவு செய்வோம் என்றார். யாராவது என்றால் வேறு யார்?

கோலாலம்பூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேரடி விமானம், நான்கு மணி நேரம். போக வர எனக்கு 940 ரிங்கிட் ஆனது. முதல் நாள் இறங்கித் தூங்கியதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை 7.20க்குத் தம்பானூர் நிலையத்தில் நாகர்கோவில் பேருந்து. தக்கலை வரை 53 கிலோமீட்டர், 84 ரூபாய். களியக்காவிளையில் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் பேருந்தில் பேசுகிறவர்களின் பேச்சு ஒன்று போலத்தான் காதில் விழுந்தது. பாட்டுப் பாடுவது போல ஏற்றி இறக்கிப் பேசுகிறார்கள். ழகரம் மட்டும் பிசிறில்லாமல் வருகிறது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு இன்றுவரை வராத ழகரம். கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

தக்கலையில் இறங்கியபோது மணி 9.35. அங்கிருந்து குலசேகரத்துக்கு நகரப் பேருந்து, நாற்பத்தைந்து நிமிடம். நான் பணத்தை நீட்ட, நடத்துநர் வாங்க மறுத்தார். “பெண்களுக்கு ஃப்ரீயாக்கும்” என்றார். நான் மலேசியாக்காரி என்றேன். “மலேசியாவுலயும் பெண்ணு பெண்ணுதானே எக்கா” என்று கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

குலசேகரத்தில் ஜீப்பு ஓட்டுநர் வில்சன் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். என் பையை வாங்கிப் பின்னால் வைத்தார், முகத்தில் சிரிப்பில்லை. “நீங்கதானே எங்கள சோதிக்க வந்த டீச்சர்?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

“ஜீப்பு நிக்கப் போகுதுண்ணு எல்லாருக்கும் தெரியும் டீச்சர். எனக்கொண்ணுமில்ல, நான் வேற சவாரி பாப்பேன். அந்த அபிஷாதான் பாவம். ஜீப்பு இல்லேண்ணா தக்கலையில ஹாஸ்டல்ல கொண்டு விடணும்ணு அவ அம்மை சொல்லிட்டு இருக்கா. அது அம்மையை விட்டு ஒரு நாள் நிக்காது. நான் எழுதுன கடிதாசியில என்னமோ தப்பு, அதான் அவங்க பதில் போடாம மிண்டாம இருக்காங்கண்ணு அதுவே சொல்லிட்டுத் திரியுது.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு சாயா குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை. வெயில் கொளுத்தியது. பெஞ்சில் உட்கார்ந்ததும் கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“எக்கா, வெள்ளம் தரட்டா?”

நான் காலைத் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டேன். பொய்யில்லை, நிஜமாகவே வைத்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “சூடு வெள்ளமா, பச்ச வெள்ளமா?” என்றார். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது.

“வில்சன் தம்பி,” என்றேன், “தண்ணிய உங்க ஊர்ல என்னன்னு சொல்வீங்க?”

“வெள்ளம்ணுதான். வேற என்னண்ணு சொல்ல?”

“அப்ப ஆறு பெருகி வீட்டுக்குள்ள வந்தா?”

“அது பெருவெள்ளம்லா டீச்சர்.”

கைபேசியில் அபிஷாவின் கடிதப் படம் இருந்தது. எடுத்து மறுபடி வாசித்தேன். நேற்று எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வந்தது. சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. எல்லாரும் ஓடினோம். இனி நித்தமும் தண்ணீர்தான். மிகவும் சந்தோஷம். ஒரு பிள்ளை, பள்ளிக்குக் குழாய்த் தண்ணீர் வந்த தன் வாழ்க்கையின் நல்ல நாள் ஒன்றை எழுதி அனுப்பியிருக்கிறாள். நான் அதற்குப் பூட்ஸ் அனுப்பியிருக்கிறேன். சிரிப்பு அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தேன். வில்சன் பதறி, “டீச்சருக்கு வெயிலு பிடிக்கலபோல, கொறச்சு வெள்ளம் குடு” என்று கடைக்காரரைக் கூப்பிட, அது இன்னும் மோசமாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அதுக்கா பூட்ஸ் வந்துது? நாங்க மழைக்காலத்துல அட்டை கடிக்கும்ணு அனுப்பினதாட்டு நினைச்சோம்! பிள்ளைகளெல்லாம் அத இட்டுட்டுத்தான் வருது” என்றார்.

சிரித்து முடித்ததும் வெட்கம் வந்தது. பொய் சொன்னவரைத் தேடிப் போன எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. உண்மையை எழுதிய பிள்ளையின் கடிதத்துக்குத் தப்பான பொருள் சொல்லி என் வகுப்பின் முப்பத்தொரு பிள்ளைகளை நம்பவைத்தவள் நான். ஊர் திரும்பியதும் அகராதியைப் புரட்டினேன். வெள்ளம் என்பதற்கு நீர் என்ற பொருளும் அதில் இருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டு மேசையிலேயே இருந்த அகராதி.

குலசேகரத்திலிருந்து பள்ளி ஏழு கிலோமீட்டர். இருபுறமும் ரப்பர் மரம். இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் காலம் என்பதால் பால் வெட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். மரத்துக்கு மரம் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. எங்கள் தோட்டங்களில் பால் பிடிக்கும் கிண்ணத்தை மங்கு என்போம். இங்கே தேங்காய்ச் சிரட்டைதான் மங்கு. இந்தச் சாலையில் வேகமாகப் போக முடியாது. ஏழு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியை புஷ்பலீலா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பதிவேடுகளையெல்லாம் மேசைமேல் அடுக்கி வைத்திருந்தார். நான் அவற்றைத் தொடாமல், “முதல்ல அந்த வெள்ளத்தைக் காட்டுங்க டீச்சர்” என்றேன். சமையலறைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நல்ல வேகம். “முன்ன அந்தக் கீழக் கிணத்துலேர்ந்துதான் டீச்சர் சுமக்கணும். இது வந்த அன்னைக்கு ஒரு பிள்ளைகூட வகுப்புல இல்ல. எல்லாம் இதுக்கு அடியிலதான். நானும்தான்” என்று சொல்லும்போது அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் போல ஆனது. நான் இரண்டு டம்ளர் பிடித்துக் குடித்தேன். மலைத் தண்ணீர், ருசியாக இருந்தது.

அபிஷாவைக் காணவில்லை. “ஏட்டி அபிஷா, இங்க வா மக்கா, ஒண்ணும் செய்யமாட்டாங்க” என்று டீச்சர் கூப்பிட, கதவுக்குப் பின்னாலிருந்து ஒல்லியாக ஒரு பெண் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னாள்:

“நான் உள்ளதத்தான் எழுதுனேன் டீச்சர். கவிதா நாலு மாசமா பதிலே போடல. எனக்கு எது தப்புண்ணே தெரியல.”

“கவிதா மாசாமாசம் எழுதுனா. நான்தான் அனுப்பல” என்று பையிலிருந்து நான்கு கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். “உன் கடிதத்துல ஒரு தப்பும் இல்ல. படிச்ச எனக்குத்தான் தமிழ் தெரியல.” அவள் கடிதங்களை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

அன்று அந்த வகுப்பில் கரும்பலகை முன் நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். பூட்ஸ் கதை வந்ததும் வகுப்பே சிரிப்பில் இரண்டாகப் போனது. அதோடு விடவில்லை. எனக்குத் தேர்வு வைத்தார்கள். “சக்கை தின்னுவியளா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். கரும்பு பிழிந்து எறிவதை நான் ஏன் தின்ன வேண்டும் என்று முறைத்தேன். சக்கை என்றால் பலாவாம். கொல்லாம்பழம் என்றால் யாரையும் கொல்லாதாம், முந்திரிப்பழமாம். பத்துக்கு இரண்டு மதிப்பெண் வாங்கினேன். அபிஷாதான் திருத்தினாள், அதுவும் என் சிவப்புப் பேனாவால். இரக்கமே காட்டவில்லை. மதியம் மரச்சீனிக் கிழங்கும் (நம் மரவள்ளிதான்) மீன் கறியும். மீன் அன்று காலை கடியப்பட்டணத்திலிருந்து வந்தது என்றார்கள். மூன்றாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கையோடு தலைவர் சந்திரனுக்கு ஃபோன் செய்தேன். “டீச்சர், சுத்தி வளைக்காம சொல்லுங்க. வெள்ளம் வந்துச்சா இல்லையா?” என்றார்.

“வந்துச்சு. இப்பத்தான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்.”

விளக்கிச் சொன்ன பிறகும் அவர் சிரிக்கவில்லை. “இதைக் கூட்டத்துல நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

மாலை 4.10க்கு ஜீப்பில் பதினேழு பிள்ளைகளோடு நானும் ஏறினேன். ஆறு கிலோமீட்டர் ஏற முப்பத்தைந்து நிமிடம். ஓரிடத்தில் வில்சன் வண்டியை நிறுத்தி, சாலையோரம் முறிந்து கிடந்த வாழைகளைக் காட்டினார். முந்தாநாள் ஆனை வந்து போன வழி என்றார். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த இடத்தைத் தாண்டும் வரை வாயைத் திறக்கவில்லை. கணக்கில் ‘போக்குவரத்து’ என்று ஒற்றைச் சொல்லாகப் பார்த்த ஜீப்பு எனக்கு அங்கேதான் புரிந்தது. கடைசி நிறுத்தத்தில் அபிஷா இறங்கினாள். அவள் அம்மா வழியிலேயே நின்றிருந்தார். மகளின் பையை வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஜூன்ல வண்டி உண்டுமா டீச்சர்?” தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்த இடம் அதுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தக்கலையில் தங்குவது வசதி. நாளுக்கு 900 ரூபாயில் சுத்தமான அறை கிடைத்தது. மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை பார்த்தேன். தக்கலையிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம், திங்கட்கிழமை போனால் பூட்டியிருக்கும். திற்பரப்பு அருவி குலசேகரத்துக்குப் பக்கம்தான். மார்ச்சில் நீர் குறைவு என்றாலும் குளிக்கலாம். மட்டிப்பழம் என்று விரல் நீளத்தில் ஒரு வாழைப்பழம் விற்கிறார்கள், தவறவிடாதீர்கள். குலசேகரத்துக்கு மேலே ஏறினால் கைபேசி இணைப்பை நம்ப வேண்டாம்.

உதவும் பள்ளிகளுக்கு ஒன்று. எதையாவது வாங்கி அனுப்புவதற்கு முன் ஒரு ஃபோன் போட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்ட பிறகு, அவர்கள் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா என்று இன்னொரு தடவையும் கேளுங்கள். நாமும் தமிழர்தானே, நமக்குத் தெரியாதா என்ற எண்ணம்தான் என்னைக் கவிழ்த்தது. வேறு மொழிக்காரராக இருந்திருந்தால் அகராதியையாவது பார்த்திருப்பேன்.

ஊர் திரும்பிய வாரத்தில் கூட்டம். நாற்பது பெற்றோர் வந்திருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல முதலில் முணுமுணுப்பு, பிறகு சிரிப்பு, பிறகு யாரோ கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தம். தலைவர் மட்டும் கையை உயர்த்தி அமைதிப்படுத்திவிட்டு, “அப்படின்னா, அந்தப் பள்ளி மேல தப்பு இல்லை. தப்பு யாரோடது?” என்றார். எழுந்து நின்றேன். இருபத்தெட்டு வருடத்தில் மாணவர்களின் பெற்றோர் முன்னால் ‘என் தப்பு’ என்று நான் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை; கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஜீப்பு இன்னும் மூன்று வருடம் ஓட யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை.

அபிஷாவின் வீட்டில் இணைப்புக் கிடைக்காது என்பதால் வில்சனைக் கூப்பிட்டேன். மாலைச் சவாரியில் இருந்தார். செய்தியைக் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டிப் பின்னால் திரும்பி ஏதோ சொல்ல, ஜீப்பே அலறுவது கேட்டது. பிறகு ஃபோனை அபிஷாவிடம் கொடுத்தார்.

“டீச்சர்,” என்றாள், “ஹாஸ்டலுக்குண்ணு அம்மை ஒரு தகரப்பெட்டி வாங்கி, அதுல என் பேர எழுதி வச்சிருக்கு. இனி பேர அழிச்சிட்டு அரிசி போட்டு வைக்கச் சொல்லட்டா?”

“இன்னைக்கே சொல்லு” என்றேன்.